எங்கள் ஊர் உணவு வங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியில் எங்கள் உணவு வங்கி நடக்கிறது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கமெல்லாம் எங்கள் வேன் போய்வருகிறது. நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். கொடுக்க வருகிறவர்களும் வாங்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அந்த நோட்டிலிருந்து எடுத்தவைதான் இவை.

உணவு வங்கிக்கும் அன்னதானத்துக்கும் என்ன வித்தியாசம்?

அன்னதானம் அன்றைக்குச் சமைத்து அன்றைக்கே பரிமாறுவது. வருகிறவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். உணவு வங்கி என்பது ஓரிடத்தில் மிஞ்சுவதை வாங்கி, நல்லதா என்று பார்த்து, இருப்பு வைத்து, இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பந்திக்கு நடந்து வர முடியாதவர்களுக்கும், நாலு பேர் பார்க்கப் பந்தியில் உட்காரக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது.

உலகின் முதல் உணவு வங்கி 1967ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது. தொடங்கியவர் ஜான் வான் ஹெங்கல். அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1867ல், வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆகவே பசித்தவருக்குச் சோறு போடுவது நமக்குப் புதிதில்லை. சேர்த்துவைத்து, எடைபோட்டு, எழுதிவைத்துக் கொடுப்பதுதான் புதிது. செட்டிநாட்டுக்கு அதுகூடப் புதிதில்லை என்பேன். அடுத்த பதிலில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தர்மம் செய்கிற இடத்தில் கணக்குக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். அரை மூட்டை அரிசியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "கணக்கெல்லாம் எதுக்குப்பா, புண்ணியத்துக்குத்தானே குடுக்குறேன்" என்பார்கள். தராசில் ஏற்றி, எடையைப் படித்துக் காட்டி, ரசீது எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான் அவர்களை அனுப்புவோம்.

இந்த ஊர்க்காரர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். கடல் கடந்த ஊரில் மேலாள் ஒருவர், அவருக்குக் கீழே அடுத்தாள் ஒருவர். முதலாளி இருந்ததோ செட்டிநாட்டில். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பாலம் கணக்குதான். நாள்வழியும் பேரேடும் எழுதி, வரவுசெலவைச் சுருக்கி ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். அந்தப் பேரேட்டில் மகமை என்று தனியாக ஒரு பற்றுவரவு இருக்கும். வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கிய பணம் அது. ஒதுக்கிய பிறகு அது முதலாளியின் பணம் இல்லை. பெட்டி அவருடையதுதான், சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கும். பணம் மட்டும் அவருடையதில்லை.

எங்கள் கிட்டங்கியில் இருக்கும் ஒவ்வொரு கிலோ பருப்பையும் நாங்கள் மகமையாகத்தான் பார்க்கிறோம். எங்கள் பூட்டுக்குள் இருக்கிறதே தவிர எங்களுடையதில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

என்னென்ன எழுதுகிறீர்கள்?

நாலு நோட்டு. வரவு, செலவு, இருப்பு, கொட்டியது.

முதல் மூன்றும் எந்த மளிகைக் கடையிலும் உண்டு. நாலாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வண்டு வைத்த ரவை, பல்லி விழுந்த மாவு, ஊசிப்போன சாம்பார், கல்யாண மண்டபத்திலிருந்து தாமதமாக வந்த பாயசம் என்று எதைக் குப்பையிலோ மாட்டுத் தொட்டியிலோ கொட்டினாலும், என்ன பொருள், எவ்வளவு, ஏன் கெட்டது, யார் பார்த்தது என்று நாலு கட்டம் நிரப்ப வேண்டும். ஆரம்பத்தில் இந்த நோட்டு எங்களிடம் இல்லை. கெட்டுப்போனதைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு, அதையும் "கொடுத்தது" பக்கத்திலேயே சேர்த்து எழுதிக்கொண்டிருந்தோம். கணக்கு நேராக இருந்தது. ஆனால் அது பொய்க் கணக்கு. இன்றைக்கு எங்களிடம் இருக்கும் நோட்டுகளில் அதிகம் பயன்படுவது அந்த நாலாவதுதான். எந்த மாதம் மாவு கெடுகிறது, எந்த அலமாரியில் ஈரம் இறங்குகிறது, எந்த வேலை நேரம் தாமதமாகிறது என்று எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கணக்கை யார் பார்க்கலாம்?

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாசல் நடையில் ஒரு கரும்பலகை இருக்கிறது. நேற்று வந்தது, போனது, இன்று காலை இருப்பு என்று தினமும் அதில் எழுதுகிறோம். வருட வரவுசெலவைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அதே சுவரில் ஒட்டுகிறோம்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மாதக் கடைசிச் சனிக்கிழமை இருப்பு எண்ணும்போது, எங்களிடம் பொருள் வாங்குகிறவர்களில் இரண்டு பேர் கூட நின்று எண்ணுவார்கள். இந்த யோசனை எங்களுக்காகத் தோன்றியதில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற பட்டறையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, காயவைத்து எடுக்கிற வேலை. கையெல்லாம் சிமென்ட் அரித்திருக்கும். மழைக்காலத்தில் வேலை குறையும்போது மட்டும் எங்களிடம் வருவார். ஒருநாள் பலகையைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எங்க பேரச் சொல்லித்தானே தம்பி எல்லார்கிட்டயும் வாங்குறீங்க. குடுக்குறவங்களுக்கு ரசீது குடுக்குறீங்க. எங்களுக்கு என்ன குடுக்குறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. அரிசி கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கிற உரிமை உண்டென்றால், யார் பேரில் வாங்கினோமோ அவருக்கு அதைவிட உரிமை உண்டு. அடுத்த மாதமே அவர்தான் முதல் ஆளாக வந்து மூட்டை எண்ணினார். எண்ணுகிறவர்கள் மாதாமாதம் மாறுவார்கள். இருப்பு நோட்டில் அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ இல்லாமல் அந்த மாதத்தை முடிக்க மாட்டோம்.

கணக்கில் எப்போதாவது இடித்திருக்கிறதா?

இடித்திருக்கிறது. ஒருமுறை துவரம்பருப்பில் இரண்டு மூட்டை குறைந்தது. நோட்டைப் புரட்டினோம், ரசீதைப் புரட்டினோம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த மூன்று நாளும் கிட்டங்கியில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பலகையில் "துவரம்பருப்பு 2 மூட்டை குறைகிறது, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதிவிடலாம் என்றேன். சிலருக்கு அதில் சம்மதமில்லை. ஊர் என்ன பேசும் என்ற பயம். கடைசியில் எழுதினோம்.

எழுதிய மறுநாள், ஒரு விடுதிக்குச் சரக்கு ஏற்றிய பையன் பலகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். மழை வந்த அவசரத்தில் கடலைப்பருப்பு என்று நினைத்துத் துவரம்பருப்பை ஏற்றிவிட்டிருந்தான். விடுதியில் இரண்டு மூட்டையும் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. பலகையில் எழுதாமல் இருந்திருந்தால் அவனுக்கு விஷயமே தெரிந்திருக்காது, நாங்களும் யாரையாவது மனதுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்போம். அன்றிலிருந்து மூட்டைக்கு மூட்டை வண்ணக் கயிறு கட்டுகிறோம். துவரைக்கு மஞ்சள், கடலைக்குச் சிவப்பு.

கல்யாண வீட்டில் மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துக்கொள்வீர்களா?

எடுத்துக்கொள்வோம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. எங்கள் பேரில் வருத்தம் வருவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

இந்தியாவில் இதற்கென்றே விதி இருக்கிறது. மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கான விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019ல் வெளியிட்டது. 2020 ஜூலையிலிருந்து அவை நடைமுறைக்கு வந்தன. எங்களைப்போன்ற அமைப்புகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பதிவேடு வைக்க வேண்டும். மிச்சம்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது.

சூடான சாப்பாடு 60 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். வெந்த சோற்றை அப்படியே வெளியில் போட்டுவைத்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. "கொதிக்க வச்சுக் குடுத்துருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இதைத்தான் மெதுவாகச் சொல்லிப் புரியவைக்கிறோம்.

அதனால் எங்கள் வழக்கம் இது. பந்தி முடிந்து அழைக்காமல், கடைசிப் பந்தி ஓடும்போதே எங்களைக் கூப்பிட்டுவிடுங்கள். உக்கிராணத்தில் இருப்பவருக்கும் சமையல் பொறுப்பாளருக்கும் எத்தனை இலை விழும், எவ்வளவு மிஞ்சும் என்று அப்போதே தெரிந்துவிடும். அண்டாவில் தொடாமல் இருக்கும் சோறு, சாம்பார், ரசம், பொரியல் எடுத்துக்கொள்வோம். பந்தியில் வாளியோடு சுற்றிவந்தது வேண்டாம். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, பால் சேர்த்த பாயசம், தயிர்ச்சாதம் இவற்றை வெயில் காலத்தில் தொடுவதில்லை. வேனில் தெர்மாமீட்டர் இருக்கிறது. அண்டாவுக்குள் விட்டுப் பார்த்து, அதில் தெரியும் சூட்டின் அளவை உங்களிடமே காட்டி எழுதிக்கொள்வோம். குறைவாக இருந்தால் வாங்க மாட்டோம்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில், நல்ல பெரிய இடத்துக் கல்யாணம், மூன்று அண்டா சாம்பார் சாதத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டோம். பெண்ணின் அப்பா மனசு ஒடிந்துபோய், "என் வீட்டுச் சாப்பாட்ட வேண்டாங்கிறீங்களா" என்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் மனசு நோகும் என்று வாங்கிக்கொண்டு போய், முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதற்கு யார் பதில் சொல்வது? அடுத்த மாதம் அவரே இரண்டு மூட்டை அரிசியோடு வந்தார். வேனில் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு இதைத்தான் விட்டுப் பார்த்தீங்களா" என்று கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பலகாரத்துக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. தேன்குழல், மணகோலம், அதிரசம் எல்லாம் நாலைந்து நாள் தாங்கும். சீர்ப் பலகாரம் வீட்டில் கிடந்து நமுத்துப்போவதற்குள் கொடுத்துவிடுங்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தால் திருவிழாதான்.

தேதி முடிந்த பாக்கெட் பொருள்களைக் கொடுக்கலாமா?

காலாவதித் தேதி கடந்ததைக் கொடுக்க வேண்டாம். அது சட்டப்படியும் தப்பு. "இந்தத் தேதிக்கு முன் உண்டால் சிறப்பு" என்று போட்டிருப்பது வேறு. அது சுவை, மணம் பற்றியது. அப்படிப்பட்ட பொருளைத் தேதிக்கு முன்னதாகவே கொடுத்தால் நிதானமாகக் கொண்டுசேர்க்கலாம். நீங்களே உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று யோசித்துப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.

ரேஷன் அரிசி மிஞ்சுகிறது. கொண்டுவந்து கொடுக்கவா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பொது விநியோக அரிசியை வெளியில் கைமாற்றுவது அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகிவிடும். அரிசி கடத்தலைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ரேஷன் பை ஒன்று எங்கள் கிட்டங்கியில் கிடந்தால்கூட அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நிரூபிக்க முடியாது. எங்களுக்கு வரும் அரிசி பெரும்பாலும் புதுவயல் பக்கத்து ஆலைகளிலிருந்தும் மளிகைக் கடைகளிலிருந்தும் வருவது. எல்லாம் பில்லோடு வரும். ரேஷனில் நீங்கள் வாங்கும் பொருளில் குறை இருந்தால் 1967 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ரேஷனில்தான் அரிசி சும்மா கிடைக்கிறதே. பசி என்று ஒன்று இங்கே இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு காமராசர் காலத்திலேயே வந்துவிட்டது. 1982ல் அது சத்துணவாக விரிந்தது. காலை உணவும் 2022 செப்டம்பரிலிருந்து தொடங்கிவிட்டது. இவையெல்லாம் இல்லாவிட்டால் எங்களைப்போல நூறு கிட்டங்கி இருந்தாலும் போதாது. ஆனால் வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும் கண் இருக்கத்தான் செய்யும். அந்தக் கண் வழியாக விழுகிறவர்களைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், ஊர் சொல்லவில்லை. தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் வீடு. முகப்பில் தேக்குத் தூண், வளவில் மார்பிள் தரை. பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடு, வருடத்தில் ஒரு தடவை முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குத்தான் திறப்பார்கள். இரண்டாங்கட்டில் ஒரு மூலை அறையில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி தனியாக இருந்தார். அறை வாசலில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மேலே ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு. நாங்கள் போன அன்று அந்தத் தூக்கில் நீச்சத்தண்ணி மட்டும்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆச்சி அதை மூடிவைத்துவிட்டு, "சாப்டு ஆச்சுப்பா, உக்காருங்க, காப்பி போடுறேன்" என்றார். வீட்டில் காப்பித்தூள் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த வீட்டின் முகப்பைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் உள்ளே ஒருத்தர் பட்டினி கிடக்கிறார் என்று தோன்றாது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கேட்கக் கூச்சம், கேட்டால் குடும்பப் பேர் போய்விடும் என்ற எண்ணம். ஆச்சிக்கு நாங்கள் பை கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தினமும் இரண்டு ஆளுக்குச் சேர்த்துச் சமைக்கிறார், அதற்கான சாமான் எங்களிடமிருந்து போகிறது. ஆச்சிக்கு அது பக்கத்து வீட்டுக் குழம்பு. நோட்டில் மட்டும் ஒரு எண்ணாக இருக்கிறது.

இப்படித் தனித்திருக்கும் முதியவர்கள் தவிர, மழையில் வேலை இல்லாமல் போகும் கட்டட வேலைக்காரர்கள், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட குடும்பங்கள், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் வந்துவிட்டது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டை என்றால் சொந்த மாநிலத்து அட்டையை வைத்தே இங்கே வாங்கலாம். இதை அவர்களுக்குச் சொல்லவே ஆளில்லை என்பதுதான் பிரச்சினை.

ஆதார் வேண்டுமா? சாதி, மதம் கேட்பீர்களா?

எதுவும் கேட்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், சின்னப் பிள்ளை உண்டா, சர்க்கரை நோய் உண்டா, சமைக்க அடுப்பு இருக்கிறதா, இந்த நாலும் தெரிந்தால் போதும். முதல் தடவை வருகிறவருக்கு எந்த விசாரணையும் இல்லாமல் அன்றைக்கே ஒரு பை கொடுத்துவிடுவோம். பசியோடு வந்தவரை நாளைக்கு வாருங்கள் என்று சொல்லக்கூடாது என்பது இங்கே வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருகிற விஷயம். ஏமாற்றுகிறவர்கள் வர மாட்டார்களா என்று கேட்பார்கள். வருவார்கள், கொஞ்சம் பேர். அவர்களுக்காக மற்ற எல்லோரையும் கூண்டில் ஏற்ற மனசு வரவில்லை.

நாங்கள் கொடுத்த பொருளை வாங்குகிறவரோடு ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?

முடியாது. மூட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறோம், தராசைப் படம் எடுத்து அனுப்புகிறோம், உங்கள் ரசீது எண்ணைச் சொன்னால் அந்த அரிசி எந்த ஊர்ப் பக்கம் போனது என்பதையும் சொல்கிறோம். வாங்குகிறவர் முகம் மட்டும் கிடையாது. பேனர் கட்டி நின்று கொடுப்பதற்கும் இதே பதில்தான், யார் கேட்டாலும்.

பணமாகக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டா?

உண்டு. எங்களுக்கு அதற்கான வருமான வரிப் பதிவு இருக்கிறது. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கழிவு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்குக் கழிவு கிடையாது, எனவே வங்கி வழியாகவோ செல்பேசிச் செயலி வழியாகவோ அனுப்புங்கள். அரிசி, பருப்பு, எண்ணெயாகக் கொடுப்பதற்கும் கழிவு கிடையாது. மூட்டைக்கு மதிப்புப் போட்டு வரி ரசீது தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் உண்டு. தர மாட்டோம். எடை ரசீது மட்டும் தருவோம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பலாமா?

நம் ஊரில் இது வீட்டுக்கு வீடு வரும் கேள்வி. அனுப்புகிறவர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், பூர்வீகம் இங்கேதான் என்றாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கு 2010ம் வருட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பணம் வந்து இறங்கவும் வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. அதனால் அப்படி வரும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். "இங்கே இருக்கிற சித்தப்பா பேரில் போட்டுவிடுகிறேன், அவர் கொடுப்பார்" என்று சுற்றுவழி சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். ஊருக்கு வரும்போது கிட்டங்கிக்கு வந்து ஒருநாள் மூட்டை பிரித்துக் கொடுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

இங்கே வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் உண்டா?

வேன் ஓட்டுகிற அண்ணனுக்கும் இருப்பறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கும் உண்டு. தொகை எவ்வளவு என்று வருடக் கணக்கில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். தர்மத்தில் சம்பளமா என்று முகம் சுளிக்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன். ராத்திரி பதினொரு மணிக்கு மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து போகிறவர் அந்த டிரைவர். அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்.

அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்கிறார்களே?

ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். அவை செறிவூட்டிய அரிசி மணிகள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து மணியாக வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சேர்த்தவை. பிளாஸ்டிக் என்று பயந்து பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அதுதான் வேண்டியது. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கொடுப்பதோடு சரியா, வேறு ஏதாவது செய்கிறீர்களா?

பை கொடுப்பது இந்த வாரத்துப் பசிக்கு. அடுத்த வாரமும் அவர் வரவேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு கதவு மூடியிருக்கிறது. அந்தக் கதவைத் தட்டுவது எங்கள் வேலையில் பாதி. புதன்கிழமை தோறும் கிட்டங்கித் திண்ணையில் இரண்டு பேர் விண்ணப்பம் எழுதித்தர உட்கார்ந்திருப்பார்கள். குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, கைரேகை விழாதவர்களுக்குப் பதில் ஆள் நியமிக்கும் படிவம் எல்லாம் அங்கே நடக்கும். 2023ல் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனபோது, தகுதி இருந்தும் அதுவரை விண்ணப்பிக்காமலே இருந்த எத்தனையோ பேரை அந்தத் திண்ணையில்தான் பார்த்தோம். 2025 ஆகஸ்டில், வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் வந்தது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் இப்போது புதன்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டது.

முதியவர்கள் தொந்தரவிலோ தனிமையிலோ இருப்பது தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கொடுக்கிறோம். எங்களால் தீர்க்க முடியாதது நிறைய உண்டு. சொத்துத் தகராறில் நாங்கள் தலையிடுவதில்லை.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்காரர்கள், பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குத் தரும் ஃபித்ரா அரிசியைப் பிரித்துக் கொடுக்க எங்கள் தராசையும் வேனையும் எடுத்துப்போவார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் காவடிக்காரர்களுக்கு வழியில் சாப்பாடு போடுகிற குழுக்கள் மிஞ்சிய காய்கறியை எங்களிடம் இறக்கிவிட்டுப் போவார்கள். யாரும் யாருக்கும் கடிதம் எழுதி ஏற்பாடு செய்ததில்லை, தானாக அமைந்தது.

உங்கள்மேல் குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. அதன் சாவி எங்களிடம் இல்லை. எங்கள் அறங்காவலர் குழுவில் இல்லாத, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் இருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை, இருப்பு எண்ணி முடித்ததும் அவர் திறந்து படிப்பார், எல்லோர் முன்னாலும். எழுதத் தெரியாதவர்கள் அவரிடம் நேரில் சொல்லலாம். பையில் எடை குறைந்தது, வேன் வரவில்லை, இன்னார் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றெல்லாம் வரும். கடைசியாகச் சொன்ன வகைக் குறைதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. எடைக் குறையை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். சாப்பாடு சம்பந்தமான புகார் என்றால் எங்களைத் தாண்டி நேராக உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். அவருடைய அலுவலக எண்ணைப் பலகையின் மேல் மூலையில் எழுதியிருக்கிறோம், அதை யாரும் அழிக்கக்கூடாது.

இப்போது என்ன தேவைப்படுகிறது?

அரிசி எப்போதும் வந்துவிடுகிறது. குறைவது துவரம்பருப்பு, நல்லெண்ணெய், பால்பவுடர், சர்க்கரை நோயாளிகளுக்குக் கேழ்வரகு, அப்புறம் சோப்பும் மாதவிடாய் நாப்கினும். நாப்கினை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் அலமாரியில் வைத்தால் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

ஆள் உதவி என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் வேனில் கூடப் போக இரண்டு பேர் வேண்டும். கிட்டங்கி காலை ஏழு மணிக்குத் திறக்கும். வந்தால் முதலில் பலகையைப் படியுங்கள், அப்புறம் உள்ளே வாருங்கள்.